எந்தச் சான்றைக் கண்டு குழுக்கள் மாறுகின்றன? மென்பொருள் துறையில் புதியன புகும் விதம்

மென்பொருள் எழுதும் துறையில் புதிதாக ஏதேனும் ஒன்று அறிமுகமாகாத ஆண்டே கிடையாது. ஒரு புதிய நிரல்மொழி, நிரலுக்கு முன்பே சோதனையை எழுதிவிடும் பழக்கம், கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி என்று ஏதாவது வந்துகொண்டேயிருக்கிறது. வருகிற ஒவ்வொன்றும் வேலையை விரைவாக்கும், பிழையைக் குறைக்கும் என்ற வாக்குறுதியுடன்தான் வருகிறது. அவற்றுள் சில பதினைந்து இருபது ஆண்டுகளில் உலகெங்கும் அன்றாட வழக்கமாகிவிடுகின்றன. சில தடம் தெரியாமல் மறைகின்றன. இன்னும் சில, பயனுள்ளவை என்று ஆய்வுகள் காட்டிய பிறகும், யாரும் சீண்டாமல் ஆய்விதழ்களிலேயே தங்கிவிடுகின்றன. இதில் சான்றுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை இத்துறைக்குப் புதியவர்களுக்காக இக்கட்டுரை விளக்குகிறது.

இங்கே தொழில்நுட்பம் என்னும்போது கணினியில் நிறுவக்கூடிய கருவியை மட்டும் கருத வேண்டாம். ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் படித்துக் குறை சொல்லும் கோட் ரிவியூவும் ஒரு தொழில்நுட்பமே. அதற்கு வேண்டியது இரண்டு மனிதர்களும் கொஞ்சம் பொறுமையும்தான். அதுபோலவே சான்றும் பல வகைப்படும். இரு பிரிவினரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் புதிய முறையைக் கொடுத்து ஒப்பிடும் சோதனை ஒரு வகை. ஒரு நிறுவனத்தின் உண்மையான திட்டத்தில் என்ன நடந்தது என்று உடனிருந்து பதிவு செய்யும் கள ஆய்வு இன்னொரு வகை. பழைய பிழைப் பட்டியல்களையும் நிரல் மாற்றப் பதிவுகளையும் தோண்டிப் பார்ப்பது மூன்றாவது. இவற்றுக்கெல்லாம் அப்பால், "நாங்கள் பயன்படுத்தினோம், நன்றாக இருந்தது" என்று சக ஊழியர் சொல்வதும் சான்றுதான். வலுவில் குறைந்தது, செல்வாக்கில் மிகுந்தது.

சான்று எவ்வளவு வலுவானதோ அவ்வளவு விரைவாக மாற்றம் நிகழும் என்று தொடக்கத்தில் எவருக்கும் தோன்றும். நடப்பது அதுவன்று. ஒரு குழுவை அசைப்பது பெரும்பாலும் மிக வலுவான சான்று அல்ல, மிக அருகிலிருக்கும் சான்று. அதாவது தன் நிரல், தன் பிழைகள், தன் ஆட்கள் ஆகியவற்றோடு நெருங்கிய சான்று. இதைச் சோம்பல் என்று ஆய்வாளர்கள் சிலர் கடிந்துகொள்வதுண்டு. குழுக்களின் அந்தப் போக்கில் நியாயமும் இருக்கிறது என்பதே என் கருத்து. ஆனால் அருகிலிருப்பது என்பதற்காகவே ஒன்று உண்மையாகிவிடாது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள்

பேர் புரோகிராமிங் என்று அலுவலகங்களில் சொல்லப்படும் இணை நிரலாக்கத்தை எடுத்துக்கொள்வோம். இருவர் ஒரே கணினியின் முன் அமர்ந்து, ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் கவனித்துத் திருத்தியபடி, ஒரே நிரலை எழுதும் முறை அது. 1990-களின் இறுதியில் கென்ட் பெக் என்னும் மென்பொருளாளர் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்க முறை வழியாக இது பரவலாகத் தெரியவந்தது. கேட்டவுடன் எந்த மேலாளருக்கும் எழும் கேள்வி ஒன்றே: இரண்டு சம்பளம் கொடுத்து ஒருவர் வேலையை வாங்குவதா?

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1999-இல் இதற்கு விடை தேடினார்கள். இறுதி நிலை மாணவர்கள் 41 பேரில் 13 பேர் தனித்தனியாகவும், 28 பேர் 14 இணைகளாகவும் ஒரே பணிகளைச் செய்தார்கள். ஒருவரோடொருவர் பழகும்வரை இணைகளுக்கு நேரம் மிகுதியாகப் பிடித்தது. பழகிய பின்னர், மொத்த மனித நேரக் கணக்கில் அவர்கள் எடுத்துக்கொண்டது சுமார் 15 சதவீதம் கூடுதல் மட்டுமே, பிழைகளோ சுமார் 15 சதவீதம் குறைவு. இரண்டு மடங்கு செலவாகும் என்ற அச்சத்துக்கு இது நல்ல மறுப்பாக அமைந்தது. அந்த எண்கள் பல ஆண்டுகள் பலராலும் எடுத்தாளப்பட்டன.

பிறகு 2007-இல் நார்வேயின் சிமுலா ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் தங்கள் சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். இம்முறை கலந்துகொண்டவர்கள் மாணவர்கள் அல்லர். நார்வே, சுவீடன், பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளில் ஜாவா என்னும் நிரல்மொழியின் வல்லுநர்களாகப் பணியாற்றிய 295 பேர். 99 பேர் தனியாகவும் மற்றவர்கள் 98 இணைகளாகவும், காபி விற்கும் இயந்திரத்துக்கான ஒரு நிரலில் மாற்றங்கள் செய்யவேண்டியிருந்தது. அந்த நிரலையே இரண்டு வடிவங்களில் வைத்திருந்தார்கள்: ஒன்றில் கட்டுப்பாடு முழுவதும் ஓரிடத்தில் குவிந்திருந்ததால் புரிந்துகொள்ள எளிது, மற்றதில் பொறுப்புகள் பல பகுதிகளாகப் பிரிந்து கிடந்ததால் சிக்கலானது. எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, பணியைச் சரியாக முடிக்க இணைகளுக்கு 84 சதவீதம் கூடுதல் உழைப்பு தேவைப்பட்டது. சரியான விடைகளின் விகிதம் குறிப்பிடும்படி உயரவில்லை. ஆனால் சிக்கலான வடிவத்தைத் தனியே பார்த்தால், இணைகளின் சரியான விடைகள் 48 சதவீதம் மிகுதி. அதிலும் அனுபவம் குறைந்தவர்களுக்குக் கிடைத்த பயன்தான் மிகப் பெரிது.

இவ்விரண்டில் எது உண்மை என்று கேட்பது வீண். இரண்டும் உண்மை, இரண்டும் வெவ்வேறு மனிதர்களைப் பற்றியும் வெவ்வேறு வேலையைப் பற்றியும் பேசுகின்றன. அனுபவசாலிகள் எளிய மாற்றங்களைச் செய்யும் குழுவுக்கு இந்த முறை பணவிரயமாகலாம். புதிதாகச் சேர்ந்த இருவரை யாருக்கும் புரியாத பழைய அமைப்பொன்றில் இறக்கிவிட்டிருக்கும் குழுவுக்கு அதுவே நல்ல முதலீடாகலாம். பல அலுவலகங்களில் இன்று நடப்பதும் ஏறத்தாழ இதுதான்: நாள் முழுவதும் யாரும் இணையாக அமர்வதில்லை, ஒருவர் சிக்கிக்கொண்டாலோ புதியவர் ஒருவர் வந்தாலோ இன்னொருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்கிறார். அந்தச் சோதனைக் கட்டுரையைப் படித்து அவர்கள் இப்படிச் செய்யவில்லை. தம் பட்டறிவால் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பக்கத்திலிருப்பவர் சொல்லும் பேச்சு

கிரைண்டர் வாங்கப் போகிறவர் ஆய்வகத்தின் அறிக்கையைத் தேடுவதில்லை. அதே கிரைண்டரை ஐந்தாறு வருடங்களாக வைத்திருக்கும் அத்தையிடம்தான் கேட்கிறார். மென்பொருளாளர்களும் பெரும்பாலும் அப்படித்தான். பிரேம் தேவன்பு, தாமஸ் சிம்மர்மன், கிறிஸ்டியன் பேர்ட் ஆகிய மூவர் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 564 பேரிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. மென்பொருள் தரம் குறித்த பல கூற்றுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு நம்புகிறீர்கள், அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டார்கள். முதலிடம் பெற்றது சொந்த அனுபவம்; அதையடுத்துச் சக ஊழியர்களின் கருத்து; பிறகு வழிகாட்டிகள், மேலாளர்கள்; தொழில்துறை இதழ்கள் அதற்கும் பின்னால். ஆய்வுக் கட்டுரைகள் அந்த வரிசையில் தொழில் இதழ்களுக்கும் கீழேதான் நின்றன.

இதில் ஆய்வாளர்களின் பக்கமும் குறை உண்டு. மார்வின் செல்கோவிட்ஸும் டோலோரஸ் வாலஸும் 1985, 1990, 1995 ஆகிய மூன்று ஆண்டுகளில் வெளிவந்த மென்பொருள் ஆய்வுக் கட்டுரைகளில் அறுநூறுக்கும் மேற்பட்டவற்றைப் படித்து, 1998-இல் ஒரு கணக்கு கொடுத்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கட்டுரைகள், தாம் முன்வைத்த கருத்தை எந்த வகையிலும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆய்வாளர்களே தம் கண்டுபிடிப்பைச் சோதிக்காதபோது, அதை நம்பித் தன் திட்டத்தைப் பணயம் வைக்கவில்லை என்று ஒரு மேலாளரைக் குறைகூறுவது எப்படி? மேலும், மீண்டும் செய்து பார்க்கத்தக்க கட்டுப்பாடான சோதனைகளை ஆய்வாளர்கள் மதிக்கிறார்கள். தம்மைப் போன்ற ஒரு நிறுவனத்தில், தம்முடையதைப் போன்ற திட்டத்தில் நடந்ததைத் தொழிலில் இருப்பவர்கள் மதிக்கிறார்கள். இருவரும் சான்று என்றே சொன்னாலும், எதிர்பார்ப்பது வேறுவேறு.

தொழிலில் இருப்பவர்களின் எதிர்பார்ப்பை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஒரு மாத்திரை எந்த ஊர் உடலிலும் ஏறத்தாழ ஒரே விதமாக வேலை செய்யலாம். ஒரு நிரலாக்க முறை அப்படியல்ல. குழுவின் அளவு, ஆட்களின் அனுபவம், நிரலின் வயது, பிழை நேர்ந்தால் விளையும் இழப்பு ஆகிய ஒவ்வொன்றும் முடிவைப் புரட்டிப் போடக்கூடியவை. இருபது வருடப் பழைய வங்கி அமைப்பைப் பராமரிப்பவர், ஒரு பருவம் படித்துவிட்டுப் போகும் மாணவர்களிடம் நடந்த சோதனையைக் கண்டு தயங்குவது இயல்பே.

அனுபவமும் ஏமாற்றும்

ஆயினும் சொந்த அனுபவம் என்னும் சான்றை அப்படியே நம்பிவிடவும் முடியாது. செயற்கை நுண்ணறிவு உதவியோடு நிரல் எழுதுவது பற்றி அண்மையில் நடந்த சோதனைகள் இதைத் துல்லியமாகக் காட்டுகின்றன.

எழுதும்போதே அடுத்த வரிகளைப் பரிந்துரைக்கும் கிட்ஹப் கோபைலட் கருவியைப் பற்றி 2023-இல் வெளியான சோதனையில், 95 நிரலாளர்களிடம் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், வலைப்பக்கங்களை அனுப்பித் தரும் ஒரு எச்டிடிபி சர்வரை எழுதச் சொன்னார்கள். கருவி கொடுக்கப்பட்டவர்கள் 55.8 சதவீதம் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். கேட்பவரை மயக்கும் எண் இது; ஆனால் கேட்கப்பட்டது புதிதாக, தனியாக நிற்கும், எல்லோருக்கும் நன்கு தெரிந்த ஒரு சிறு வேலை என்பதையும், ஆய்வை நடத்தியவர்களில் அக்கருவியை விற்கும் நிறுவனத்தாரும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2025-இல் மீட்டர் என்னும் அமெரிக்க ஆய்வு அமைப்பு வேறு விதமாகச் சோதித்தது. பல ஆண்டுகளாகத் தாமே பங்களித்துவரும் பெரிய திறமூல மென்பொருள்களில் (நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை), 16 அனுபவசாலிகள் தம் வழக்கமான வேலைகளைத்தான் செய்தார்கள். மொத்தம் 246 பணிகள். ஒவ்வொரு பணிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பது குலுக்கல் முறையில் முடிவானது. தொடங்கும் முன் கேட்டபோது, கருவியால் நேரம் 24 சதவீதம் குறையும் என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு கேட்டபோது, 20 சதவீதம் குறைந்தது என்றார்கள். கடிகாரம் சொன்னது வேறு: கருவியைப் பயன்படுத்தலாம் என்றிருந்த பணிகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்திருந்தது.

தம் சொந்த நிரலில், தம் கைகளாலேயே செய்த வேலையைப் பற்றி, செய்து முடித்த பிறகும், தாம் வேகமாகச் செய்தோமா மெதுவாகச் செய்தோமா என்ற திசையைக்கூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கருவி எல்லோரையும் மெதுவாக்கும் என்று இந்த ஆய்வு கூறவில்லை. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அன்றைய கருவிகளைக் கொண்டு, தமக்கு மிகவும் பழகிய பெரிய நிரலில் வேலை செய்தவர்களைப் பற்றிய முடிவு அது. வேறு சூழலில் வேறு முடிவு கிடைத்திருக்கிறது: மைக்ரோசாஃப்ட், அக்சென்ச்சர், பெயர் வெளியிடப்படாத மற்றொரு பெரிய நிறுவனம் ஆகிய மூன்றிலும் 4,867 பேரிடம் குலுக்கல் முறையில் நடந்த களச் சோதனைகளில், முடிக்கப்பட்ட பணிகள் சுமார் 26 சதவீதம் கூடின, அனுபவம் குறைந்தவர்கள்தான் மிகுதியாகப் பயனடைந்தார்கள். இணை நிரலாக்கத்தில் பார்த்த அதே வடிவம் இங்கும் தலைகாட்டுகிறது.

நெருக்கமும் வலுவும் ஒன்று சேர்ந்தபோது

அருகிலிருக்கும் சான்று, அதே நேரத்தில் எண்ணிக்கையாகவும் அமைந்துவிட்டால், நிலைமை விரைவில் மாறுகிறது. நினைவகப் பாதுகாப்பு என்னும் சிக்கலில் அதுதான் நிகழ்ந்தது. சி, சி பிளஸ் பிளஸ் ஆகிய மொழிகளில், ஒதுக்கப்பட்ட எல்லைக்கு அப்பால் நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் முடியும். விடுவித்துவிட்ட இடத்தை மறுபடியும் தொடவும் முடியும். தாக்குபவர்கள் உள்ளே நுழையும் வாசல்களில் பல இப்படித் திறப்பவையே. இது எல்லோரும் நெடுங்காலமாக அறிந்த செய்திதான். "கவனமாக எழுத வேண்டும்" என்ற அறிவுரையோடு பேச்சு முடிந்துவிடும்.

2019-இல் மைக்ரோசாஃப்ட், தான் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் இந்த வகையைச் சேர்ந்தவை என்று தன் பதிவுகளிலிருந்தே எடுத்துக் காட்டியது. மறு ஆண்டு, குரோம் உலாவிக்கு அடிப்படையான கூகுளின் குரோமியம் திட்டக் குழுவினர் தமது கடுமையான பாதுகாப்புப் பிழைகளை எண்ணிப் பார்த்தபோதும் ஏறத்தாழ அதே 70 சதவீதம் வந்தது. போட்டி நிறுவனங்கள் இரண்டு, வெவ்வேறு மென்பொருள்களில், தனித்தனியாக எண்ணி ஒரே எண்ணை அடைந்தது தற்செயல் என்று தள்ளிவிட முடியாதது. உலகின் மிகத் திறமையான பொறியாளர்கள் கவனமாக எழுதியும் நிலைமை இதுதான் என்றால், கவனம் போதாது என்பது தெளிவாகிவிட்டது.

ஆனால் சிக்கல் உண்டு என்பதற்கான சான்றும், முன்மொழியப்படும் தீர்வு பலிக்கும் என்பதற்கான சான்றும் ஒன்றல்ல. இத்தகைய நினைவகத் தவறுகளைத் தடுக்கும் ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளுக்கு மாற வேண்டும் என்றால் கோடிக்கணக்கான பழைய வரிகளைத் திரும்ப எழுதுவதா என்ற கேள்வி வழியை மறித்து நின்றது. இதற்கு விடை ஆண்ட்ராய்டிலிருந்து வந்தது. அங்கே பழையதை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக எழுதுவதைப் பாதுகாப்பான மொழிகளுக்குப் படிப்படியாக மாற்றினார்கள். ஆண்ட்ராய்டின் பாதுகாப்புக் குறைகளில் நினைவகம் சார்ந்தவற்றின் பங்கு 2019-இல் 76 சதவீதமாக இருந்தது, 2024-இல் 24 சதவீதமாகக் குறைந்தது. நிரல் பழசாகப் பழசாக அதில் எஞ்சியிருக்கும் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டுத் தீர்ந்துகொண்டே வருவதால், புதிய நிரலைச் சரிசெய்தாலே பெரும்பயன் கிடைக்கும் என்று அவர்கள் விளக்கினார்கள். மாற்றத்துக்கு ஆகும் செலவைப் பற்றிய அச்சத்தை நேரே தாக்கிய சான்று இது. நிரல்மொழியின் அழகைப் பற்றிய நூறு சொற்பொழிவுகளால் ஆகாத காரியம்.

அமேசானின் மேகக் கணினிச் சேவைப் பிரிவில் நடந்தது இன்னும் சிறிய அளவிலான, ஆனால் அதே போக்குடைய கதை. கணிதத் தருக்கத்தைக் கொண்டு ஒரு வடிவமைப்பு சரியா என்று சரிபார்க்கும் முறைகள் 1960-களின் இறுதி முதலே ஆய்வுலகில் பேசப்பட்டு வருகின்றன; தொழிலில் அவை "படிப்புக்குச் சரி, பிழைப்புக்கு ஆகாது" என்றே ஒதுக்கப்பட்டிருந்தன. 2011 முதல் அங்கிருந்த பொறியாளர்கள் சிலர் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் என்னும் மொழியில் தம் அமைப்புகளின் வடிவமைப்பை எழுதிப் பார்த்தார்கள். டைனமோ டிபி தரவுத்தளத்தில், தரவு தொலைந்துபோகக்கூடிய ஒரு பிழையை அது காட்டிக்கொடுத்தது. அது வெளிப்பட வேண்டுமானால், குறைந்தது 35 நிகழ்வுகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அடுத்தடுத்து நடந்தாக வேண்டும். வடிவமைப்பு ஆய்வு, கோட் ரிவியூ, கடுமையான சோதனைகள் எல்லாவற்றையும் கடந்து வந்த பிழை அது. தம் கண்ணெதிரே, தம் அமைப்பில், தாமே சரியென்று கையெழுத்திட்ட வடிவமைப்பில் இப்படியொரு பிழை வெளிப்பட்டால், எந்தப் பொறியாளருக்கும் மேற்கொண்டு வாதம் தேவைப்படாது. அடுத்த சில ஆண்டுகளில் ஏழு குழுக்கள் அந்த முறையைக் கைக்கொண்டிருந்தன. ஒரு பொறியாளர் இரண்டு மூன்று வாரங்களில் அதைக் கற்றுப் பயன்பெற முடிந்ததும் இதற்கு உதவியது. சான்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கற்பதற்கு ஆறு மாதம் பிடிக்கும் கருவியை யாரும் எளிதில் தொடுவதில்லை.

சோதனைக் கூடத்திலிருந்து திட்டத்துக்கு

ஆய்வுச் சான்றையும் உள்ளூர்ச் சான்றையும் திட்டமிட்டே இணைத்த முன்னோடி ஒன்று உண்டு. நாசாவின் காடர்ட் விண்வெளி மையத்தில், மேரிலாந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1976-இல் ஒரு மென்பொருள் பொறியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. விக்டர் பேசிலி அதன் முக்கிய ஆய்வாளர்களில் ஒருவர். செயற்கைக்கோள்களுக்கான மென்பொருளை உருவாக்கும் அதே இடத்தில், ஒவ்வொரு திட்டத்திலும் பிழைகளையும் உழைப்பையும் பதிவு செய்து, புதிய முறைகளைச் சிறிய அளவில் சோதித்துப் பிறகு விரிவாக்குவது அவர்கள் வழக்கம்.

அங்கே நடந்த ஒன்று குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. நிரலை இயக்கிச் சோதிப்பதா, இயக்காமல் உட்கார்ந்து படித்துப் பிழை காண்பதா என்று 74 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொழில்முறை நிரலாளர்களைப் பொறுத்தவரை, படித்தவர்களே மிகுதியான பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். தம் ஆட்களிடமே கிடைத்த முடிவல்லவா? எனவே நிரலைப் படிக்கும் முறையை உண்மையான திட்டங்களில் புகுத்தினார்கள். எதிர்பார்த்த பயன் வரவில்லை. காரணத்தைத் தேடியபோது, எப்படியும் பின்னால் சோதனை நடக்கும், அங்கே பிழை பிடிபட்டுவிடும் என்ற நினைப்பில் நிரலாளர்கள் அக்கறையோடு படிக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். எழுதியவரே தம் நிரலை இயக்கிச் சோதிக்கக் கூடாது என்று விதிக்கும் கிளீன்ரூம் முறையில், படிப்பதைத் தவிர வேறு வழியில்லாததால், நிலைமை மாறியது. சோதனையில் வென்ற ஒரு முறை திட்டத்தில் தோற்றதற்குக் காரணம் முறையில் இல்லை, அதைச் சுற்றியிருந்த பழக்கத்தில் இருந்தது. கட்டுப்பாடான சோதனையால் மட்டும் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

சில வேளைகளில் ஒரு முறை, அதற்காகச் சொல்லப்பட்ட காரணத்தை விட்டுவிட்டு வேறொரு காரணத்தால் நிலைத்துவிடுவதும் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976-இல் நிரல் ஆய்வுக் கூட்டங்களைப் பற்றி எழுதியபோது, பிழை கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். இன்றைய கோட் ரிவியூ அதன் எளிய வழித்தோன்றல். 2013-இல் மைக்ரோசாஃப்டில் ஆராய்ந்தபோது, பிழை காண்பதற்காகவே ரிவியூ செய்கிறோம் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். உண்மையில் அதனால் கிடைத்ததில் பெரும்பகுதி, நிரலைப் பற்றிய அறிவு பலருக்கும் பரவுவதும், குழுவில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதுமே. பிழைக் கணக்கை மட்டும் வைத்து அந்த முறையை எடைபோட்டிருந்தால், அதன் பாதிப் பயன் கணக்கில் வராமலே போயிருக்கும்.

பெரிய எண்கள் இருந்தாலே போதும் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. எந்த நிரல்மொழியில் பிழைகள் மிகுதி என்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் 729 திட்டங்களைக் கொண்டு 2014-இல் ஓர் ஆய்வு வெளியாகி, மொழிச் சண்டைகளில் ஆயுதமாகவே பயன்பட்டது. 2019-இல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவைத் திரும்ப அலசியபோது, பிழைகளோடு தொடர்புடையவை என்று காட்டப்பட்ட 11 மொழிகளில் நான்கு மட்டுமே தேறின. அவற்றிலும் வேறுபாடு மிகச் சிறியது. முதல் ஆய்வைப் பரப்பிய அளவுக்கு இரண்டாவதை யாரும் பரப்பவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இவ்வாறெல்லாம் சான்று சேர்ந்து, சரிபார்க்கப்பட்டு, ஊரறிய ஒரு தொழில்நுட்பம் பரவுவதற்குக் காலம் பிடிக்கிறது. சாமுவேல் ரெட்வைனும் வில்லியம் ரிடிலும் 1985-இல் பல மென்பொருள் தொழில்நுட்பங்களின் வரலாற்றை ஆராய்ந்து, கருத்து உருவானதிலிருந்து பரவலாகும் நிலையை எட்ட 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன என்று கணித்தார்கள். ரஸ்ட் மொழி 2006-இல் ஒருவரின் தனி முயற்சியாகத் தொடங்கி, 2015-இல் முதல் நிலையான பதிப்பைக் கண்டு, 2022 டிசம்பரில் வெளியான, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 6.1 பதிப்பில் இடம்பெற்றது. பழைய கணக்கு இன்னும் பெரிதாகப் பொய்க்கவில்லை.

ஒரு சிறிய குழு செய்யக்கூடியது

புதிய கருவி ஒன்றைப் பற்றிய எண்ணைக் கேட்டவுடன், அந்த எண் யாரிடம், எந்த வேலையில், எதனோடு ஒப்பிட்டுக் கிடைத்தது என்று கேட்டுப் பழக வேண்டும். ஒப்பீடே இல்லாத எண், எவ்வளவு பெரிதாக இருந்தாலும், விளம்பரத்துக்குத்தான் உதவும். அளக்கப்பட்டது எது என்பதும் முக்கியம்: நேரத்தை அளந்தார்களா, பிழையை அளந்தார்களா, அல்லது "உங்களுக்குப் பிடித்திருந்ததா" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்களா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, தமக்கு அருகிலேயே சான்றை உண்டாக்கிக்கொள்ளலாம். இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை; 2017-இல் வெளியான ஒரு ஆய்வின் வழிமுறையைப் பின்பற்றினாலே போதும். ஜாவாஸ்கிரிப்டில் தரவு வகைகளைச் சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்ட், ஃப்ளோ ஆகிய கருவிகளால் பயன் உண்டா என்று அறிய, அந்த ஆய்வாளர்கள் ஏற்கெனவே திருத்தப்பட்ட 400 பிழைகளைப் பொதுத் திட்டங்களிலிருந்து எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் திருத்தத்துக்கு முந்தைய நிரலுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு மாறியும் எண்ணா எழுத்தா என்பது போன்ற வகைக் குறிப்புகளைத் தாமே சேர்த்து, கருவி அந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்திருக்குமா என்று பார்த்தார்கள். இரண்டு கருவிகளுமே சுமார் 15 சதவீதப் பிழைகளைப் பிடித்திருக்கும் என்று தெரிந்தது.

ஒரு குழு தன் பிழைப் பட்டியலில் கடைசியாகத் திருத்திய முப்பது நாற்பது பிழைகளை எடுத்து இதையே செய்து பார்க்கலாம். சில நாள் வேலைதான். இவ்வளவு பிழைகளைப் பிடித்தால் கருவியை ஏற்போம், இதற்குக் கீழே போனால் விட்டுவிடுவோம் என்ற எல்லையை மட்டும் சோதனை தொடங்குமுன்பே எழுதி வைத்துவிட வேண்டும். கருவி பிடித்துப்போன பிறகு எல்லையைத் தீர்மானித்தால், எந்த எண்ணும் போதுமானதாகத்தான் தெரியும். கிடைக்கும் எண்ணையும் சரியாகப் படிக்க வேண்டும்: பட்டியலில் இருப்பவை சோதனைகளையெல்லாம் தப்பி வெளியே வந்த பிழைகள் மட்டுமே. எழுதும்போதே நிரலாளர் கண்டு திருத்திக்கொண்டவை எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை என்பதால், அவற்றில் கருவி மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய நேரம் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. அதே போல, வகைக் குறிப்புகளை எழுதவும் பராமரிக்கவும் ஆகும் உழைப்பும் இதில் சேரவில்லை, அதைத் தனியே அளந்து சேர்த்துக்கொள்ள வேண்டும்.